எடுத்த இலை

இலையை மடித்தாள். கை அதோடு நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை.

எழுந்தபோது இலை அவள் இரண்டு கையிலும் இருந்தது. ஒரு சொட்டு சாம்பார் மணிக்கட்டில் வழிந்தது.

எதிரே, அவள் கட்டிக்கொள்ள இருப்பவனுடைய அம்மா, பிட்ட இட்லியோடு நிமிர்ந்து பார்த்தார்.

எடுத்தாயிற்று. திரும்ப வைத்தால் இன்னும் அசிங்கம்.

நூற்றுப் பத்து வருடத்து வீடு. தலைவாசலில் நின்றால் மூன்று கட்டு தாண்டி கொல்லைக் கதவு ஒரே நேராகத் தெரியும். இப்போது அறை அறையாக வாடகைக்கு விடுகிறார்கள். காலைச் சாப்பாடும் அதில் சேர்த்தி, வாழை இலையில். அவன்தான் பதிவு செய்திருந்தான். ஓர் அறை அவனுக்கு. இன்னொன்றில் அவளும் அவன் அம்மாவும்.

ரெண்டு நாள் கூடவே இரு, அம்மாவுக்கு உன்னைப் பிடித்துவிடும், கல்யாணத்துக்குச் சரி என்றபிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்றான்.

உண்மை என்பது அவளுடைய சாதி.

போன வாரம் முழுக்கப் போனில் அவளுக்கு ஒரு குலதெய்வம் சொல்லிக்கொடுத்தான். எந்த ஊர், எந்த ஆற்றங்கரை, எந்த மாதம் பொங்கல். எம்.எஸ்சி.க்குக்கூட அவள் அப்படி உருப்போட்டதில்லை.

நேற்றுப் படுக்கும்போது அந்த அம்மா கேட்டார். தப்பில்லாமல் ஒப்பித்தாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனார். இவள் புரண்டுகொண்டே கிடந்தாள். பழைய தேக்குக் கட்டில், புரளும்போதெல்லாம் முனகியது. சுவரில் வரிசையாகப் படங்கள். எல்லாம் ஆம்பிளைகள். எல்லாரும் இவளிடம் அதையே கேட்பதுபோல் இருந்தது.

வாயைப் பழக்கிவிட்டான். கையை மறந்துவிட்டான்.

"கீழ வையி கண்ணு. எடுக்கறதுக்கு ஆளு இருக்குதல்ல," என்றார் அந்த அம்மா.

ஆள் சுவரோரம் நின்றிருந்தது. பூரணம் என்று பேர். கையில் வாளி.

அவன் சிரித்தான். "ஹாஸ்டல் பழக்கம்மா. சாப்பிட்ட தட்ட அவளே கழுவிக்குவா."

நல்ல பொய். சட்டென்று வந்தது. அவன் அம்மா முகம் இளகிவிட்டது. பாவம், பிள்ளை வீட்டை விட்டு வந்து படித்திருக்கிறது என்கிற மாதிரி.

இவள் தலையாட்டினால் போதும். கல்யாணமே ஆகிவிடும்.

அவன் கண் அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. வை. வை. வை.

ஊரில் தோட்டத்துக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் எல்லாப் பந்தியும் முடிந்த பிறகுதான் இவள் வீட்டு ஆட்களை உட்கார வைப்பார்கள். சாப்பிட்டு முடிக்கும் முன்னாலேயே இவள் அம்மா தொடையில் கிள்ளுவாள். நம் இலையை நாமே எடுக்க வேண்டும். யாரும் சொல்வதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். சொல்லி எடுத்தால்தான் அவமானமாம்.

அப்போது அவளுக்கு ஏழு வயது.

"ஹாஸ்டல்ல தட்டுதானுங்க," என்றாள். "இலை எங்கம்மா பழக்குனது. உங்கள மாதிரி வீடுகள்ல எங்க இலைய நாங்கதான் எடுக்கோணும்."

 

அந்த அம்மா இவளைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார்.

மகன் தன் இலையைப் பார்த்தான்.

இதற்கு மேல் அங்கே நிற்க முடியாது. இலையை எங்கே போடுவது என்று பூரணத்திடம் கேட்டாள். பூரணம் வாளியோடு முன்னால் நடந்தாள். இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. வழுவழுத் தரை. கால் ஓடப் பார்த்தது. அடக்கி நடந்தாள்.

கொல்லையில் தொட்டி. இலையை அதில் போட்டாள். குழாயைத் திறந்து முழங்கை வரை கழுவினாள். கழுவிய கையை மறுபடியும் கழுவினாள்.

"துட்டு குடுத்துத் தங்க வந்தவதான நீ," என்றாள் பூரணம். "வச்சுட்டு எந்திரிச்சு வர வேண்டியதுதான?"

"வச்சுட்டு வந்தா நீங்கதான எடுப்பீங்க."

"அதுக்குத்தான எனக்குச் சம்பளம். பெரிய நியாயக்காரி." பூரணம் சிரித்தாள். பிறகு குரலைத் தணித்து, அந்தத் தம்பி கட்டிக்கப்போற பிள்ளையா என்று கேட்டாள்.

இவள் குழாயை மூடினாள். அது சொட்டியது. இன்னும் இறுக்கினாள்.

"தெரியலக்கா."

முன்கட்டிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். பூரணம், டேபிள்ல ரெண்டு இலை அப்படியே கெடக்கு பாரு.

இரண்டு இலை. இன்னும்.

மூன்று வருடப் பழக்கம். ஒரே டம்ளரில் டீ குடித்திருக்கிறான். அவள் வீட்டுக்கு வந்து கறிச்சோறு சாப்பிட்டிருக்கிறான். அப்போதும் இலைதான் போட்டாள் அம்மா. சாப்பிட்டுவிட்டு அப்படியே எழுந்து கை கழுவப் போனான். அம்மாதான் எடுத்தாள். அன்றைக்கு அது இவள் கண்ணில்கூடப் படவில்லை.

பூரணம் வாளியைத் தூக்கினாள். இவள் அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி இது. மேனேஜர் வைவாரு."

"கொஞ்சம் இருங்கக்கா. ஒரே நிமிசம். அவன் எடுக்கறானான்னு பாத்துட்டுப் போங்க."

பூரணம் அவள் முகத்தைப் பார்த்தாள். இழுக்கவில்லை.

உள்ளே நாற்காலி ஒன்று நகரும் சத்தம். அப்புறம் காலடி.

நீள வீடு. சத்தம் சுவருக்குச் சுவர் முட்டி அலைந்தது. காலடி கொல்லையைப் பார்த்து வருகிறதா, தலைவாசலைப் பார்த்துப் போகிறதா என்று புரியவில்லை.

திரும்பினால் தெரிந்துவிடும். கதவெல்லாம் ஒரே நேர்.

அவள் வாளியை விடவில்லை.