இளம்பரிதியின் ஓட்டம்

சீசன் தொடங்கப் பத்து நாள் இருந்தது. சென்னை ரக்பி அணிக்குப் புதிதாக வந்திருந்த எபினேசர், டேப் சுற்றுவதற்கு இடது காலை நீட்டினான்.

"வலது கால்லதானடா அடி?" என்றாள் பிசியோ மங்கையர்க்கரசி.

"ஆமாக்கா. ஆனா இதான் வலிக்குது. ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லியாம். சீன் போடுறேன்னு பசங்க கலாய்க்கிறானுங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. போன வருடம் இறந்துபோன அவள் கணவன் இளம்பரிதி இதே அணியில் ஆடியவன். அவன் நரம்புகளிலிருந்து பதிவுசெய்து வைத்திருந்த ஓட்டத்தைத்தான் அணி எபினேசரின் உடம்பில் ஏற்றியிருந்தது. அவளே சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகவே தினமும் காலையில் மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தாள். இளம்பரிதியின் பழைய இடது முழங்கால் வலியும் அதோடு சேர்ந்து ஏறியிருக்கிறது. எபினேசரின் பெயரைக் காயப் பட்டியலில் எழுதினால், அணிக்காரர்கள் அவன் உடம்பிலிருந்து அந்த ஓட்டத்தையே அழித்துவிடுவார்கள். வேறு பிரதி கிடையாது.

"இது எப்பக்கா போவும்?"

இளம்பரிதிக்கு எட்டு வருடமாகியும் போகவில்லை. ராத்திரியில் காலைத் தூக்கி அவள் மடியில் போட்டுக்கொண்டுதான் தூங்குவான்.

மங்கையர்க்கரசி டேப்பை இறுக்காமல், நிதானமாகச் சுற்றி முடித்தாள்.

"நாளைக்குப் போயிடும். எனக்காக ஒரே ஒரு ரவுண்டு ஓடிட்டு வா."

"இன்னாக்கா, வலிக்குதுன்றேன், ஓடச் சொல்ற?" என்று சிரித்தபடியே எழுந்து ஓடினான்.

வளைவில் தோளைச் சாய்த்து, ஒரு கையை விரித்துப் பாய்ந்து போனது அந்த ஓட்டம். அது கடைசிக் கோட்டைத் தாண்டி நிற்கும்வரை பார்த்துவிட்டு, அவள் காயப் பட்டியலை எடுத்து எபினேசரின் பெயரை எழுதினாள்.