துவைக்கிற அறையில் ஒரு முக்காலி

“முதல்ல அந்த முக்காலியைத் தூக்கி வெளியே போடணும்” என்றாள் டிரைவரின் மனைவி. துணி துவைக்கும் அறைக்குள் வந்த கொத்தனார் இன்னும் டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை.

கதவோரம் நின்ற டிரைவர் அறைக்குள் ஓரடி வைத்தார். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் அலட்டாமல் பஸ்ஸைத் திருப்புகிறவர் அவர். வீட்டுக்குள் மட்டும் கியர் சரியாக விழாது.

“அது எங்கம்மாவோடது.”

“தெரியும். அவங்க எதிலேருந்து விழுந்தாங்கன்னும் தெரியும்.”

அம்மா குள்ளம். யாரோ ஒரு நெட்டையன் அந்த அறையில் நாலடி உயரத்துக்குக் கல்மேடை கட்டிவிட்டுப் போயிருந்தான். மெஷினின் அடியில் கிடக்கிற துணியை எடுக்கவும், மேடையில் வைத்து மடிக்கவும் அம்மா முக்காலியில் ஏறித்தான் ஆகவேண்டும். போன வருஷம் ஒருநாள் அது சரிந்தது. இடுப்பெலும்பு முறிந்த இருபதாம் நாள் அம்மா போய்விட்டாள்.

போய்விட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், டிரைவரைத் தவிர.

அடுத்த மாதமே அது ஆரம்பித்துவிட்டது. காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு அவர் வீட்டுக்கு வருவார். கொடியில் ஈரமாக விட்டுப்போன துணியெல்லாம் மடிந்து, மேடையில் அடுக்காக உட்கார்ந்திருக்கும். சட்டைக் காலர் உள்ளே, கை இரண்டும் முதுகுக்குப் பின்னே, காலுறை ஒன்றுக்குள் ஒன்று. அசல் அம்மா மடிப்பு.

மூலையில் விட்டுப்போன முக்காலி மேடையடியில் நிற்கும். அதன் பலகையில் இரண்டு சின்ன ஈரப் பாதங்கள், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலர்ந்து மறையும்.

முதல் நாள் தெருவரைக்கும் ஓடினார். இரண்டாம் நாள், “கால் வலிக்குதாம்மா?” என்று கேட்டுவைத்தார்.

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த மனைவி, “யாரு மடிச்சது?” என்றாள். “நான்தான்” என்று சொல்லிவிட்டார். போர்வைக்கு நாலு மூலை உண்டு என்பதே தெரியாத மனிதர் அவர்! அவள் “பரவாயில்லையே” என்று அடுக்கைத் தூக்கி அலமாரியில் வைத்தாள்.

பத்து மாதமாக அந்தப் பொய்யும் துணியோடு சேர்ந்து மடிந்து அலமாரிக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் சுற்றுலா பஸ்ஸை எடுத்துக்கொண்டு மூன்று நாள் வெளியூர் போனபோதுதான் பொய் உடைந்துவிடுமே என்று அவருக்கு உயிரே இல்லை. திரும்பிவந்து பார்த்தால் அலமாரியில் மடித்த துணி. மனைவி எதையும் கேட்கவில்லை. அவளே மடித்திருப்பாள் என்று மூச்சு விட்டார்.

போன வாரம்தான் அவள் நோட்டைப் பிரித்து, கோடு கோடாக வரைய ஆரம்பித்தாள். அவர் பக்கத்தில் போனால் மூடிவிடுவாள். இதோ, ஆளையே கூட்டிவந்துவிட்டாள். இந்த அறை போனால் அம்மா எங்கே போவாள்?

“கல்மேடையை உடைச்சு எடுத்துடுங்க” என்றாள் கொத்தனாரிடம். “மேலே திறக்கிற மெஷினும் போகுது, முன்பக்கம் திறக்கிறது வாங்கறோம். புது மேடை ரெண்டரை அடி.”

கொத்தனார் காதிலிருந்து பென்சிலை எடுத்து, மறுபடி காதிலேயே செருகினார். “உங்க உயரத்துக்கு நாலே நாள்ல முதுகு போயிடும்மா. மூணேகால் வைப்போம்.”

“ரெண்டரை.”

“வீட்ல குழந்தைங்க இருக்கா?”

“இல்ல. கொடியையும் இறக்கிக் கட்டுங்க. ஸ்விட்சும் கீழேயே வரட்டும்.”

“எறும்பா வந்து துவைக்கப் போவுது?” என்று முனகிக்கொண்டே அவர் சுவரில் சாக்பீஸால் கோடு இழுத்தார்.

கிறீச்.

மூன்று பேரும் திரும்பினார்கள். மூலையில் இருந்த முக்காலி ஒரு சாண் முன்னால் வந்திருந்தது.

“எலி” என்றார் டிரைவர்.

“முக்காலி தள்ளுற எலியை நான் பார்த்ததில்ல சார்.” கொத்தனார் டேப்பைச் சுருட்டினார். “நாளைக்கு வர்றேம்மா. ரெண்டு ஆளோட வர்றேன்.” ஒரு செருப்பைக் காலிலும் இன்னொன்றைக் கையிலுமாக அவர் தெருவைத் தாண்டினார்.

டிரைவருக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. “இந்த ரூமை விட்டுடு, உனக்குப் புண்ணியமாப் போகும். துணியெல்லாம் மடிச்சது நான் இல்ல.”

“தெரியுமே.”

“எப்படி?”

“நீங்க ஊர்ல இல்லாத மூணு நாளும் மடிச்சுத்தானே இருந்தது? நான் ஒரு கர்ச்சீப்கூடத் தொடலை.”

“தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா அவங்களை விரட்டப் பாக்கறே?”

அவள் குனிந்து, முக்காலிப் பலகையில் பதிந்திருந்த ஈரத்தை முந்தானையால் ஒற்றினாள். பிறகு முக்காலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த சாக்பீஸ் கோட்டைக் காட்டினாள்.

“மேடையைத்தான் இறக்கறோமே, இனிமே அத்தை எதுக்கு இதுமேல ஏறணும்?”