நீக்கப்பட்ட பதினேழு புள்ளிகள்

"இந்த மரபணு அமைப்பு தரவில் இல்லை. மருந்து கிடையாது" என்று மருத்துவமனை இயந்திரம் மூன்றாவது முறையும் சொன்னது. பவளக்கொடியின் முனைவர் பட்ட ஆய்வில் உருவான இயந்திரம் அது. நரம்புச் சிதைவுக்கு நான்கு ஆண்டுகளாக அது சொல்வதைத்தான் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். மருந்து கிடைக்காதவர்கள் இரண்டு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை.

சக்கர நாற்காலியில் அவள் தம்பி சேந்தன். இமையைத் தவிர எதுவும் அசையவில்லை.

அவள் தன் பேராசிரியருக்குப் போன் செய்தாள்.

"சார், நம்ம ஆய்வு வரைபடத்துல ஒட்டாம பதினேழு நோயாளிங்களோட புள்ளி தனியா நின்னுச்சே, அதையெல்லாம் மறுபடி சேர்க்கணும். தம்பிக்கும் அதே அமைப்புதான் சார்."

"நீக்கிட்டோமேம்மா."

"நீங்கதான் சார், 'தூக்கிடு, படம் சுத்தமா வரும்'னு சொன்னீங்க!"

"பட்டம் கிடைச்சதும் மூலத் தரவை அழிக்கணும்னு விதி. அழிச்சாச்சுன்னு நீதானே கையெழுத்துப் போட்டே?"

"அந்தப் பதினேழு பேரையும் நேர்ல தேடிப் போறேன் சார். கால்ல விழுந்தாவது ரத்தம் வாங்கிட்டு வரேன். ஊர் பேராவது சொல்லுங்க."



"யாரைம்மா தேடப் போறே? நாலு வருஷமா அவங்களுக்கும் நம்ம இயந்திரம் மருந்து இல்லைன்னுதானே சொல்லியிருக்கும்?"