தண்ணீரில் நின்ற முட்டை

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஆறு முட்டைகள் இருந்தன. காலையில் கை உள்ளே வரும்போதெல்லாம் கடைசி முட்டை மற்றவற்றிடம், "நீங்க போங்க, எனக்கென்ன அவசரம்?" என்று சொல்லிவிடும். தன்னை ஏதோ விசேஷத்துக்காக வைத்திருக்கிறார்கள் என்பது அதன் எண்ணம்.

"எந்த விசேஷம்?" என்று ஐந்தாவது முட்டையும் போன அன்று கீழ்த்தட்டுக் கிண்ணத்தில் வெந்து கிடந்த காராமணி கேட்டது.

"வரும்போது தெரியும்" என்றது முட்டை.

மறுநாள் காலையில் அது மட்டுமே மிச்சம். கை அதை எடுத்து ஒரு பாத்திரத் தண்ணீரில் விட்டது. மூழ்கினால் வாணலி, மிதந்தால் குப்பைக்கூடை. இத்தனை நாளில் உள்ளே சேர்ந்திருந்த காற்று முட்டையை மேலே தூக்கியது.

"என்ன அண்ணே, கிளம்பிட்டீங்களா?" என்றது பக்கத்தில் எடுத்து வைத்திருந்த காராமணி.

"சும்மா இரு. கால் இன்னும் தரையிலதான் இருக்கு."

கூர்முனை மட்டும் அடியைத் தொட, முட்டை செங்குத்தாக நின்றது.

"நின்னுடுச்சு, பரவாயில்ல" என்றது மேலே ஒரு குரல்.

வாணலியில் வெங்காயமும் குடைமிளகாயும் வதங்கின. காராமணி உள்ளே இறங்கப் போன நேரத்தில் ஓடு விரிசல் விட்டது.

"தள்ளு, தள்ளு, நான்தான் முதல்ல" என்றது முட்டை.

"விசேஷம் வந்துடுச்சா அண்ணே?"

முட்டைக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அது வெங்காயத்தின் இடுக்குகளில் பரவிக்கொண்டிருந்தது.