எதுவும் தெரியாத போன்

“சாமியார் வேணுமா, குடும்பஸ்தன் வேணுமா?” என்று கேட்டார் போன் ரிப்பேர்காரர்.

அவள் விழித்தாள். காலையிலிருந்து பதினேழு பேருடைய கண்களைச் சோதித்துவிட்டு, மதியம் சாப்பிடாமல் கண்ணாடிக் கடையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். விடுகதைக்கெல்லாம் தெம்பில்லை.

“உங்க போனுக்குள்ள போடுறதைத்தாம்மா சொல்றேன். கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேரை வழிச்சு எடுத்துட்டு வேற ஒண்ணு போடணும்னீங்களே? அதுல ரெண்டு விதம் இருக்கு. சாமியார் யாரோடவும் ஒட்ட மாட்டார். ஒருத்தனும் உங்களை வேவு பார்க்க முடியாது. ஆனா பேங்க் ஆப், மேப் எல்லாம் முரண்டு பிடிக்கும். குடும்பஸ்தன் எல்லாரோடவும் அனுசரிச்சுப் போவான். என்ன, வீட்டு விஷயம் கொஞ்சம் கொஞ்சம் வெளிய கசியும்.”

“கசியவே கூடாது. என்னைப் பத்தி எதுவுமே தெரியாத போனா வேணும்.”

அவர் சிரித்தார். “யாருக்கும்மா இவ்ளோ பயப்படுறீங்க? வீட்டுக்காரருக்கா?”

“போனுக்குத்தான்.”

அவர் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டார்.

இதுவா, அதுவா? நாள் முழுக்க அவள் மற்றவர்களைக் கேட்கிற கேள்விதான். ஒரு வில்லையை மாட்டி, கழற்றி, இன்னொன்றை மாட்டி, இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா என்று கேட்பாள். அலுத்துப்போனவர்கள் ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு என்பார்கள். அவர்கள்மேல் அவளுக்கு எரிச்சல் வரும்.

இன்று அவளுக்கே அப்படித்தான் இருந்தது.

பதினொரு வாரமாக அவள் ஓய்ந்துபோய்க் கிடக்கிறாள். போன்தான் ஓயவில்லை.

வாரத்தை எண்ணிச் சொல்லும் அந்த ஆப்பை நீக்கினாள். அறிவிப்புகளை நிறுத்தினாள். ஒரு வாசலை அடைத்தால் இன்னொரு வாசல் வழியாக அதே விளம்பரம் வந்து நின்றது. சமையல் குறிப்பைத் திறந்தால் நடுவில். மழை வருமா என்று பார்த்தால் அதற்குக் கீழே. இனிமேல் காட்டாதே என்று அழுத்தினால், ஏன் வேண்டாம் என்று கேட்டது. நான்கு காரணங்களை அதுவே எடுத்துக் கொடுத்தது.

அவளுடைய காரணம் அதில் இல்லை.

கணவனிடம் சொல்லி அழலாம் என்றால், அவன் இப்போதெல்லாம் தன் போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருகிறான். முன்பு அப்படிச் செய்ததில்லை. யாரிடமிருந்து என்ன வருகிறது, எதை மறைக்கிறாய் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும். வருவதைத் தாங்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

நாலு நாளாக அந்தப் போனும் வீட்டில் இல்லை. பேட்டரி உப்பிவிட்டது, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

“ஒண்ணு இப்பவே சொல்லிடறேன்,” என்றார் ரிப்பேர்காரர். “எதைப் போட்டாலும் உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும். படம், மெசேஜ், ஒண்ணு மிஞ்சாது. அப்புறம் வந்து அழுதாலும் திரும்பாது. சம்மதம்தானே?”

தலையாட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் ஒரு போன், குப்புறக் கிடந்தது. முதுகில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்: ‘உடையும் பொருள். கவனம்.’

கணவன் வேலை பார்க்கும் பார்சல் ஆபீசில் பெட்டிகளுக்கு ஒட்டுவது. புதுப் போன் வாங்கிய அன்று அவன் அதை ஒட்டிக்கொண்டு வந்து, இனி இவனை யாரும் கீழே போட மாட்டாங்க பாரு என்று பெருமையாகக் காட்டினான்.

“இது?”

“அதுவா? அந்தப் பார்சல் ஆபீஸ் தம்பியோடது. உங்களை மாதிரியேதான், எல்லாத்தையும் அழிச்சிடுங்கன்னு வந்து உட்கார்ந்தார். எது போடட்டும்னு கேட்டேன். வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்றேன்னு போனவர்தான். நாலு நாளாச்சு, ஆளையே காணோம். அதுபாட்டுக்குக் கத்திக்கிட்டுக் கிடக்கு.”

பேட்டரி உப்பவில்லை.

அப்படியென்றால் அழிக்க வேண்டியது ஏதோ அவனிடமும் இருந்திருக்கிறது.

சொல்லி வைத்ததுபோல் போன் அதிர்ந்தது. ரிப்பேர்காரர் சலித்துக்கொண்டே அதை நிமிர்த்திப் போட்டார். திரை ஒளிர்ந்தது.

‘அப்பா! இன்று இருபத்திரண்டாவது வாரம் தொடங்குகிறது. இனி உங்கள் குரல் உங்கள் குழந்தைக்குக் கேட்கும். பேசுங்கள்!’

மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் எல்லோரிடமும் சொல்லலாம் என்று இருந்தார்கள். முடியவில்லை; பதினோராவது வாரத்திலேயே கரு கலைந்துவிட்டது. உலகத்தில் இது தெரிந்தது தனக்கும் அவனுக்கும் தன் போனுக்கும் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அவனும் தன் போனிடம் சொல்லி வைத்திருக்கிறான்.

திரை அணைந்தது.

“என்னம்மா, முடிவு பண்ணிட்டீங்களா? சாமியாரா, குடும்பஸ்தனா?”

அவள் தன் போனை மேசைமேல் அவர் பக்கமாக நகர்த்தினாள். “இதை அது பக்கத்துல வைங்கண்ணே. எதையும் அழிச்சிடாதீங்க. சாயங்காலம் ரெண்டு பேருமா வந்து சொல்றோம்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். அவள் போனை எடுத்துத் தட்டில் வைத்தார்.

தெருவில் இறங்கியதும், வருகிறேன் என்று அவனுக்குச் சொல்ல வழக்கம்போலக் கைப்பைக்குள் துழாவினாள். அவளிடம் போன் இல்லை. அவனிடமும் இல்லை.

கண்ணாடிக் கடைக்கு இடது பக்கம் போக வேண்டும். பார்சல் ஆபீசுக்கு வலது பக்கம், இரண்டு தெரு.

அவள் வலது பக்கம் திரும்பினாள்.