ஒட்டாத இருமல்

"மாமா, அங்கேயே நில்லுங்க! படி ஏறாதீங்க!"

ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக மெத்தைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். தோளில் அவர் கையாலேயே தைத்த சின்ன மெத்தை. ஜன்னலுக்குப் பின்னால் தம்பி மனைவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு நின்றாள். கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணும் அவரை நேராகப் பார்க்கவில்லை.

"என்னம்மா, தரை துடைச்சு விட்டிருக்கியா?"

"இல்ல மாமா. மெத்தையை அங்க வெச்சிட்டுப் போங்க. இன்னொரு நாள் வாங்க."

"நல்லாயிருக்கே! வெளியூர் வேலையை முடிச்ச கையோட, உன் பையன் மூஞ்சியைப் பார்க்கணும்னு பஸ் மாறி பஸ் மாறி ஓடி வரேன். இன்னொரு நாளாம்ல!"

பேச்சோடு பேச்சாக இருமல் வந்துவிட்டது. காலமெல்லாம் பஞ்சு அடித்த நெஞ்சு. சிரித்தாலும் இருமும், கோபப்பட்டாலும் இருமும். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர்கள் எழுந்து போவது அவருக்குப் பழகிப்போன காட்சி. "பயப்படாதீங்க, இது ஒட்டாத இருமல், பஞ்சு இருமல்" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லியே மிச்சமிருந்த மூச்சிலும் பாதி போயிருந்தது.

இருமல் சத்தம் கேட்டதும் அவள் ஜன்னலைப் பாதி சாத்தினாள்.

அவருக்குச் சுருக்கென்றது.

"ஓ, அதுவா சங்கதி? ஏம்மா, இதே இருமலோடதானே உன் கல்யாணத்துல ஓடியாடி வேலை பார்த்தேன்? அன்னிக்கு ஒட்டாதது இன்னிக்கு ஒட்டுமா?"

"ஐயோ, நான் அப்படிச் சொன்னேனா?"

"வாயால வேற சொல்லணுமா? அதான் ஜன்னல் சொல்லுதே!"

"அதில்ல மாமா. ஒரு கிருமி சுத்துதாம். நல்லா இருக்கறவங்களுக்கு வெறும் ஜலதோஷம் மாதிரி வந்துட்டுப் போயிடுமாம். ஆனா கைக்குழந்தைக்கு நெஞ்சுல இறங்கிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்புறம்..." என்று இழுத்தவள் மென்று விழுங்கினாள். "தும்மல், கை, முத்தம், எல்லாத்துலயும் பரவுமாம்."

"அவ்வளவுதானே? சோப்பு எங்க இருக்கு?"

வாசல் குழாயடியிலேயே ஒரு துண்டு சோப்பு கிடந்தது. முழங்கை வரை நுரை பொங்கத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஆபரேஷனுக்குப் போகிறவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"பார்த்தியா? தொட மாட்டேன். முத்தம் கேட்க மாட்டேன். வேணும்னா எனக்கும் ஒரு முகமூடி குடு. வாசல்ல நின்னு ஒரே ஒரு பார்வை!"

அவள் தலையாட்டி மறுத்தாள். உள்ளே குழந்தை சிணுங்கியது.

"அதோ! பெரியப்பா குரல் கேட்டுட்டான் பயல். தூக்கிட்டு வாம்மா."

"வேணாம் மாமா. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

அந்த நேரம் தெருமுனையில் தம்பி வந்தான். கையில் மருந்துக்கடைப் பை, முகத்தில் அவனுக்கும் ஒரு முகக்கவசம்.

"வாடா! நீயாவது உன் பொண்டாட்டிக்கு எடுத்துச் சொல்லு" என்று கைகளை விரித்துக்கொண்டு போனார் அண்ணன். தம்பி சட்டென்று விலகி, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"அண்ணே, கிட்ட வராதீங்க!"

அவள் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வேறு வீட்டிலிருந்து வந்த பெண். இவன்? அம்மா போன பிறகு பஞ்சுப் பொதி மேல் படுக்க வைத்துத் தட்டித் தூங்கப் பண்ணியது எந்தக் கை?

"என் மூச்சுக்காத்துல வளர்ந்தவன்டா நீ! உனக்கு ஒட்டலையே, உன் பிள்ளைக்கு மட்டும் ஒட்டிடுமா?" குரல் உடைந்தது. "சரி, நல்லா இருங்க. இனிமே இந்த வாசலை மிதிச்சா ஏன்னு கேளு. நான் செத்தாக்கூட உனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்னு சொல்லி வெச்சிட்டுப் போறேன்."

மெத்தையைப் படியில் வைத்துவிட்டு, இருமிக்கொண்டே திரும்பி நடந்தார்.

"இப்பவாவது அவர்கிட்ட உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்!" என்று ஜன்னலிலிருந்து அவள் அழுதாள்.

"சொன்னா அவர் வெளிய நிப்பாரா? கதவை உடைச்சுக்கிட்டு உள்ள ஓடுவார்டி!"

மெத்தைக்காரர் நின்றார். "எதைச் சொன்னா?"

தம்பி ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு வந்தது சாதா ஜலதோஷம்தானேன்னு பையனுக்கு முத்தம் குடுத்துட்டேன் அண்ணே, அந்தக் கிருமி அவனுக்கு வந்துடுச்சு. அவன் தேறிக்கிட்டிருக்கான், பால்கூடக் குடிக்கிறான். ஆனா அது அவன்கிட்டருந்து உங்களுக்கு ஒட்டினா, உங்க நெஞ்சு தாங்காதாம்."