போர்வைக்குள் இருப்பவள்

சலேத்தம்மாளுக்குத் தன் தாயின் முகம் தெரியாது. கைக்குழந்தையை விட்டுவிட்டு, மலைமேல் துரைமார் தங்கும் ஓட்டலுக்கு ஆயா வேலைக்குப் போன தாய் அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவள் இருக்கும் படம் ஒன்று அந்த ஓட்டலில் இன்னும் மாட்டியிருக்கிறது என்று யாரோ சொல்ல, இந்தத் தள்ளாத வயதில் சலேத்தம்மாள் தன்னந்தனியாக பஸ் ஏறி வந்துவிட்டாள்.

பணியாள் மரியசூசை கூடத்துச் சுவரைக் காட்டினான். படத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. கீழே அதன் பெயரும், பக்கத்தில் நின்ற நாயின் பெயரும் இருந்தன.

“இதுல எங்கம்மா எங்க இருக்காப்பா?”

“அப்பல்லாம் ஒரு படம் எடுக்க நேரமாகும். புள்ள அசையாம இருக்கணும்னு ஆயா மடியில வச்சுத்தான் எடுப்பாங்கம்மா. ஆயா தெரியக்கூடாதுன்னு போர்வையப் போட்டு மூடிருவாங்க. அந்தக் கை மட்டுந்தான் தெரியுது.”

குழந்தையின் வயிற்றை அந்தக் கை அணைத்திருந்தது.

“நான் பால்குடி மறக்கறதுக்குள்ள போனவ. இவனை எப்படிப் பிடிச்சிருக்கா பாரு!” என்றாள் சலேத்தம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தப் போர்வையக் கொஞ்சம் விலக்க முடியாதாப்பா?” என்று கேட்டாள்.

மரியசூசை சிரிக்கவில்லை. தொடக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்த அந்தப் படத்தைக் கழற்றி அவள் மடியில் வைத்தான். கையிலிருந்த வெள்ளைத் துணியால், கண்ணாடியில் போர்வை இருந்த இடத்தை மட்டும் மெல்லத் துடைத்தான்.